இறக்குகிற பெண்

அணில் ஒரு கணு ஏறினால் லிஃப்ட் ஒரு மாடி ஏறும், அணில் ஒரு கணு சறுக்கினால் லிஃப்ட் ஒரு மாடி இறங்கும் என்பதற்கு எங்கள் எச் பிளாக்கின் நூற்றேழு வீடுகளும் ஒரே வாரத்தில் பழகிவிட்டன. இரண்டு கையிலும் குடத்தோடு லிஃப்டுக்குள் நிற்கும்போது முழங்கால் வலிக்காமல் இருப்பதற்குப் பழகத்தான் இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது.

ஆற்றோரத்தில் இருந்த எங்களைப் பெயர்த்து, லாரிகளில் ஏற்றி, ஊருக்குத் தெற்கே ஏரியைத் தூர்த்த மண்ணின் மேல் நிற்கும் இந்த எட்டு மாடிக் கட்டடத்துக்குக் கொண்டுவந்து, வீட்டுக்கொரு சாவியைக் கொடுத்த அன்று லிஃப்ட் ஓடியது. நாற்பது நாள் ஓடியது. நாற்பத்தோராம் நாள் தரைக்கு வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றது, அப்படியே மூன்று வருடம் நின்றது. எட்டாம் மாடிக்காரர்கள் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்குவது என்று வைத்துக்கொண்டார்கள், இறங்கிய பிறகு எதை மறந்துவிட்டு வந்தோம் என்று கடைசிப் படியில் நின்று யோசித்தார்கள், மறந்தது மருந்தாக இருந்தால் மட்டும் திரும்ப ஏறினார்கள். மனுக்கள் கொடுத்தோம். மனுக்களில் முதல் கையெழுத்து எப்போதும் குடியிருப்போர் சங்கத் தலைவர் தணிகாசலத்துடையது. சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார், காகிதத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஓடும் பெரிய கையெழுத்து அவருக்கு.

தரைத்தளத்தில், லிஃப்டுக்கு எதிர் அறையில், படிப்பு மையம் இருந்தது. நான்காம் மாடி நஸ்ரீன் அங்கே சாயங்காலம் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள், பி.காம். முடித்த பெண், இருபத்திரண்டு வயது, குழந்தைகள் அவளை மிஸ் என்றார்கள், பிறகு நாங்களும் மிஸ் என்றோம். ஏதோ ஒரு கம்பெனி தன் பழைய கணினிகளைக் கழித்தபோது ஒன்று அவளுக்குக் கிடைத்தது. பொத்தான்களின் மேல் தமிழ் எழுத்துகளை ஒட்டி, அதில் ஒரு விளையாட்டைப் போட்டுவைத்தாள். திரையில் ஒரு தென்னை மரம், அதில் எட்டுக் கணு, அடியில் ஒரு அணில். ஒரு பெண்குரல் ஒரு சொல்லைச் சொல்லும். குழந்தை அதைப் பிழையில்லாமல் தட்டினால் அணில் ஒரு கணு ஏறும். பிழையாகத் தட்டினால் ஒரு கணு சறுக்கும், குரல் கோபமில்லாமல் அடுத்த சொல்லுக்குப் போகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மழைக்கு ஒதுங்கி, ஐந்தாம் மாடிக் கன்னியம்மா தன் மீன்கூடையோடு திறந்து கிடந்த லிஃப்டுக்குள் போய் நின்றாள். எதிர் அறையில் ஆல்வின் என்ற ஆறாம் வகுப்புப் பையன் ஐந்து சொல்லை வரிசையாகச் சரியாகத் தட்டினான், பிறகு மூக்கைச் சிந்த எழுந்து போனான். கன்னியம்மா ஐந்தாம் மாடியில் இறங்கினாள். அதை அவள் யாரிடமும் மறுநாள் வரை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "மீன் அரியணும், கொழம்பு வெக்கணும். இதைச் சொல்லினு நிப்பாங்களா?" என்றாள்.

அணில் எந்தக் கணுவில் இருந்ததோ அந்த மாடியில் லிஃப்ட் இருந்தது. கணினியை அணைத்துவிட்டு மறுநாள் போட்டாலும் அணில் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. மின்சாரம் போனால் இரண்டும் காத்திருந்தன. ஆறாம் மாடியில் ஒயரிங் வேலை தெரிந்தவன் ஒருவன் லிஃப்டின் உச்சியில் ஏறிப் பார்த்துவிட்டு, மோட்டாரே இல்லை, யாரோ கழற்றிக்கொண்டு போய் வருடக்கணக்காகிறது என்று சொன்னான். சரி, கை கழுவிவிட்டுச் சாப்பிட வா என்று அவன் மனைவி சொன்னாள். கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். ஜெபக்கூட்டம் நடத்துகிறவர் அதன்மேல் கை வைத்து ஜெபித்தார். நஸ்ரீனின் அம்மா தண்ணீரில் ஓதி வாசலில் தெளித்தாள். தணிகாசலம் முறைப்பலகை ஒன்று வைத்தார்: காலை ஆறிலிருந்து ஏழு வரை தண்ணீர்க் குடங்கள், ஏழிலிருந்து எட்டு வரை வேலைக்குப் போகிறவர்கள், பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள், நாலரைக்கு மேல் காய்கறி. அவர் சொல்லச் சொல்ல நஸ்ரீன்தான் பலகையில் எழுதினாள். "கண்ணாடியை மேல வச்சிட்டு வந்துட்டம்மா," என்றார் அவர். எங்கள் பிளாக்கில் கண்ணாடியை மேலே வைத்துவிட்டு வருபவர்கள் நிறையப் பேர். வாங்காத கண்ணாடியை வைத்துவிட்டு வருபவர்களும் உண்டு.

படிக்கட்டை யாரும் பயன்படுத்தாததால் அது நிறையத் தொடங்கியது. முதலில் இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு தண்ணீர் டிரம், பிறகு அதன்மேல் ஒரு கோழிக்கூண்டு, பிறகு கால் உடைந்த கட்டில், தையல் மெஷின், கல்யாணத்துக்கு வந்து வீட்டுக்குள் நுழையாத பீரோக்கள். ஒருவர் மூன்றாம் மாடித் திருப்பத்தில் அடுப்பே போட்டுவிட்டார். குறுக்காகத் திரும்பி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டால் ஒரு ஆள் போகலாம். கையில் ஒன்றும் இருக்கக் கூடாது.

ஆனால் ஏறுவது எளிதாக இருந்த அளவுக்கு இறங்குவது எளிதாக இல்லை. ஏறுவதற்கு ஆல்வின் இருந்தான், அவனைப்போல இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எட்டாவது கணுவில் தேங்காய் விழும் சத்தம் கேட்கும், மேலே கதவு திறக்கும். இறங்குவதற்குப் பிழை வேண்டும். தெரிந்த சொல்லை வேண்டுமென்றே பிழையாகத் தட்டினால் அணில் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கண்டபடி தட்டினாலும் அப்படித்தான். அது பிழைக்கும் பாசாங்குக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்திருந்தது. உண்மையாக முயன்று உண்மையாகத் தவறினால்தான் சறுக்கியது. சுமாராகப் படிக்கும் பிள்ளைகளை உட்காரவைத்தால் இரண்டு தப்புக்கு ஒரு சரி வந்தது, ஏழாம் மாடியிலிருந்து கிளம்பியவர் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஏறி இறங்கி ஏறி, தரையில் கால் வைப்பதற்குள் வாந்தி எடுத்தார்.

இப்படி இருக்கும்போதுதான் நாங்கள் யாமினியைக் கண்டுபிடித்தோம்.

யாமினிக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. ஆறாம் மாடிக் கம்சலாவின் மகள், அப்பா இல்லை. எழுத்துகள் அவளுக்கு ஒரு இடத்தில் நிற்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடம் மாறிக்கொண்டன. பள்ளியில் அவளைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, அவளிடம் கேள்வி கேட்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் கணினியின் முன் உட்கார்ந்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானாகத் தேடி, தன்னால் முடிந்த அளவு கவனமாக எட்டுச் சொல்லைத் தட்டினாள், எட்டும் பிழை. எட்டாம் மாடியிலிருந்து இதய நோயாளி ஒருவர் மாலையில் தொடுத்த பூ உதிராமல் வருவதைப்போல இறங்கி வந்து, வெளியே கால் வைத்து, அந்தப் பெண் யார் என்று கேட்டார்.

அன்றிலிருந்து அவள் இறக்குகிற பெண் ஆனாள். முறைப்பலகையில் ஏறுவதற்கு எட்டுப் பெயர்கள் இருந்தன, இறங்குவதற்கு ஒரே பெயர். அவளுக்கென்று சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. பஜ்ஜி போட்டவர்கள் முதல் பஜ்ஜியை அவளுக்குக் கொடுத்தார்கள். ரிப்பனும் வளையலும் வந்தன. இதுவரை அவளை மக்கு என்று கூப்பிட்ட ஆல்வினே, "யாமினி, ஒரு நிமிசம் வந்துட்டுப் போயேன், எங்கம்மா மேல நிக்குது," என்று அவள் வீட்டு வாசலில் கெஞ்சினான். கம்சலாவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் குட்டு வாங்கிய பெண்ணை நூறு வீடு தூக்கி வைத்துக் கொண்டாடினால் எந்தத் தாய்க்குத்தான் இருக்காது.

கம்சலா ஒரு கம்பெனியில் தரை துடைக்கிறாள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டுவந்து விடும். அவளுடைய வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கி மெழுகுபோல இருக்கும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், இரண்டு வெள்ளை பாட்டில்களில் எது சோப்புத் தண்ணீர், எது ஆசிட் என்று தெரியாமல் ஒன்றை எடுத்து ஊற்றினாள். இரண்டிலும் பெரிய எழுத்தில் எழுதித்தான் இருந்தது என்று சூப்பர்வைசர் சொன்னார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை: பாட்டிலின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவள் பெண் படிக்க வேண்டும்.

"மிஸ், இவளுக்கு வருமா வராதா, அத மட்டும் சொல்லு," என்று அவள் நஸ்ரீனிடம் கேட்டாள்.

"வரும்கா. இவளுக்கு வேற மாதிரி சொல்லித்தரணும்."

நஸ்ரீன் வேறு மாதிரி சொல்லித்தரத் தொடங்கினாள். சொல்லைக் கைதட்டலாக உடைத்தாள், ஒரு தட்டலுக்கு ஒரு எழுத்து. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்காரவைத்து, மணலில் விரலால் எழுதவைத்தாள், எழுதிய எழுத்தின் மேல் கூழாங்கல் வைத்து நகராமல் நிறுத்தினாள். கூழாங்கல் வைத்த எழுத்துகள் நின்றன. கைதட்டும் சத்தம் எட்டாம் மாடிவரை கேட்டது. எட்டாம் மாடியில்தான் தணிகாசலத்தின் வீடு.

அவர் மறுநாள் படிப்பு மையத்துக்கு வந்து, குழந்தைகள் போகும்வரை காத்திருந்து, பேச்சை மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"இன்னா மிஸ், யாமினிக்குத் தனியா கிளாஸ் எடுக்கறதாக் கேள்விப்பட்டேன்."

"ஆமாங்க தலைவரே. நல்லா வருது."

"வரட்டும், வரட்டும். வேணாம்னா சொல்றேன். ஒரு வருசம் போவட்டும்னுதான் சொல்றேன். எம்பொண்ணு மேகலா தலைப்பிரசவத்துக்கு வந்து கீது. எட்டாவது மாடி. நாலாவது வூட்ல டயாலிசிஸ் கேஸு ஒண்ணு. இதெல்லாம் நீ பாக்கணும் இல்ல? அவளுக்கு இன்னா, ஒம்போது வயசு. எங்க ஓடிடப்போவுது எழுத்து."

நஸ்ரீன் கணினியை அணைத்தாள். அவளுடைய அம்மாவும் நான்காம் மாடியிலிருந்து மூட்டுவலியோடு யாமினியின் பிழையில்தான் இறங்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு யாரும் யாருடனும் பேசி முடிவு எடுக்கவில்லை, ஆனால் எல்லாரும் பேசி முடிவெடுத்ததுபோல நடந்துகொண்டோம். மூன்றாம் மாடிச் சுவரில் ஒட்டியிருந்த எழுத்து அட்டை ஒருநாள் கிழிந்திருந்தது. கடைக்காரர் யாமினிக்கு மட்டும் பிஸ்கட்டை உறையைப் பிரித்து, வெறும் தாளில் வைத்துக் கொடுத்தார். அவள் வரும்போது செய்தித்தாளை மடித்து உட்கார்ந்த இடத்துக்குக் கீழே வைத்துக்கொண்டோம். வீட்டுக்கதவுகளில் எழுதியிருந்த பெயர்களுக்கு மேல் சுண்ணாம்பு அடித்தோம், தீபாவளி வருகிறது என்று காரணம் சொல்லிக்கொண்டோம். பள்ளி நாட்களில் பாதிநாள் அவளுக்குக் கீழே வேலை இருந்தது. பள்ளியில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தொட்டிக்குப் பின்னால் இருந்த மணலை ஒரு சாயங்காலம் யாரோ வாரிக்கொண்டு போய்விட்டார்கள். யார் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. அந்த மணல் பிறகு இரண்டு மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கும் இடத்தில் இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கம்சலா அவளை ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனபோது அவள் வழியெல்லாம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வந்தாள். தூக்கம் வருதாடி என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினாள்.

"போர்டு நெறையா இருக்கும்மா. பாத்தா உள்ள போயிடுது."

"போனா இன்னா?"

"போயிட்டா யாரும் எறங்க முடியாதும்மா. தலைவர் தாத்தா சொன்னாரு, மேகலா அக்கா வயித்துல பாப்பா கீதாம்."

கம்சலா அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். நாங்கள் சாயங்காலக் காற்றுக்கு லிஃப்ட் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அவள் உட்காரவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"எம்பொண்ணு கண்ண மூடினு ஊரச் சுத்துது. உங்களுக்கு எறங்கணும், அவ்ளோதானே? தப்பு தப்பாத்தானே தட்டணும்? அதுக்கு எம்பொண்ணுதான் வேணுமா? ஏன், நீங்க யாராவது போய் குந்துங்களேன்."

யாரோ ஒருவர் சிரித்தார். கன்னியம்மா மீன்கூடையில் எதையோ தேடினாள். தணிகாசலம் தன் பேனா ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து பார்த்து மூடினார். அது குழந்தைகள் விளையாட்டு, நாற்காலி சின்னது, பெரியவர்கள் உட்கார்ந்தால் உடைந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். நான் ஏழாவது வரைக்கும் படிச்சவன், எனக்குத் தப்பு வராது என்று இன்னொருவர் சொன்னார், அவர் மனைவி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள். நூறு வீட்டில் எத்தனை பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எட்டு மாடியும் சறுக்க முடியும் என்பது எங்கள் ஒவ்வொருவருக்கும் தன்னளவில் தெரிந்திருந்தது; அடுத்தவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதும் தெரிந்திருந்தது.  கம்சலா படிக்கட்டுப் பக்கம் போய், டிரம்முக்கும் பீரோவுக்கும் நடுவே குறுக்காக நுழைந்து, ஆறு மாடி ஏறினாள். நானே உட்கார்ந்து இறக்குகிறேன் என்று மறுநாள் நஸ்ரீனிடம் சொன்னாளாம். ஆனால் இறங்குகிறவர்கள் இறங்கும் நேரத்திலெல்லாம் அவள் வேனில் இருந்தாள்.

மணல் போன பிறகு நஸ்ரீன் கடுகை எடுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தி, வானொலியைச் சத்தமாக வைத்து, தட்டில் கடுகைப் பரப்பி, கைதட்டலுக்குப் பதிலாகத் தொடையில் தட்டினாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் யாமினி நாற்காலியில் உட்காரும்போது, இவள் இன்று சரியாக எழுதிவிடக் கூடாதே என்றும் எழுதிவிட வேண்டுமே என்றும் இரண்டும் ஒரே மூச்சில் வந்தன என்று பிற்பாடு சொன்னாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு மேகலாவுக்கு வலி எடுத்தது. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆம்புலன்ஸ் வந்து வாசலில் பின்பக்கமாக நின்றது. அதிலிருந்து வந்த இளைஞன் படிக்கட்டைப் பார்த்தான், ஸ்ட்ரெச்சரைப் பார்த்தான், "இதுல எலி கூட எறங்காது," என்றான். மேகலாவையும் அவள் அம்மாவையும் லிஃப்டுக்குள் நிற்கவைத்து, உட்கார ஒரு ஸ்டூல் போட்டு, கதவை மூடிவிட்டு மேலிருந்து குரல் கொடுத்தார்கள். கீழே யாமினி சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் தணிகாசலம், நஸ்ரீன், கன்னியம்மா, அதற்குப் பின்னால் அறை கொள்ளுமட்டும் நாங்கள்.

முதல் சொல்லை அவள் பிழையாகத் தட்டினாள். அணில் சறுக்கியது. ஏழு என்று வாசலில் நின்றவன் கத்தினான். இரண்டாவதும் பிழை. ஆறு. தணிகாசலம் மூச்சை விட்டார்.

மூன்றாவது சொல் வந்தபோது யாமினியின் இடது கை அவள் தொடையில் மூன்று முறை தட்டியது. அவள் தட்டியது அவளுக்கே தெரியாது. வலது கை மூன்று எழுத்தையும் தேடி எடுத்தது. அணில் ஒரு கணு ஏறியது.

ஏழு என்று வாசலில் நின்றவன் மெதுவாகச் சொன்னான்.

 லிஃப்ட் ஓடும் பொந்தின் வழியாக மேலிருந்து ஒரு முனகல் வந்தது. நான்காவது சொல்லையும் அவள் சரியாகத் தட்டினாள். எட்டு. அவள் கையைப் பொத்தான்களிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது.

"எனக்கு வந்துடுச்சு மிஸ்," என்றாள். "போர்டு எதையும் நான் பாக்கவே இல்ல மிஸ். கண்ண மூடினுதான் இருந்தேன். தானா வந்துடுச்சு."

"கண்ணு," என்றார் தணிகாசலம். அவர் குரல் எங்களுக்குத் தெரிந்த குரலாக இல்லை. "தப்பாப் போடு கண்ணு. தாத்தாவுக்காக. மொத ரெண்டும் போட்டியே, அந்த மாதிரி."

அவள் கண்ணீரோடு தப்பாகப் போட்டாள். அணில் தலையைச் சொறிந்தது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் சொறிந்தது.

"விடுங்க தலைவரே," என்றாள் நஸ்ரீன். "தெரிஞ்சது தெரிஞ்சதுதான். அத இனிமே அவளால தெரியாம ஆக்க முடியாது."

அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். இரண்டு பேர் சட்டைப் பையைத் தடவி, கண்ணாடி மேலே இருக்கிறது என்பதுபோலத் தலையாட்டினார்கள். ஆம்புலன்ஸ் இளைஞன் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டான். மேலே மேகலா அம்மாவைக் கூப்பிட்டாள், அப்பாவைக் கூப்பிட்டாள், பிறகு வெறும் சத்தமாக வந்தது.

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து இரண்டு பேனாவையும் எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்தார். யாமினியின் தோளைத் தொட்டார். அவள் எழுந்துகொண்டாள். அவர் அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால்கள் மார்புவரை வந்தன. நாற்காலி உடையவில்லை.

"எது எங்க கீதுன்னு காட்டு," என்றார்.

"உயிரெழுத்து இந்தப் பக்கம் தாத்தா. புள்ளி இங்க."

குரல் ஒரு சொல்லைச் சொன்னது. அவர் ஒரு விரலை நீட்டி, நெடுநேரம் காற்றில் வைத்திருந்து, ஒரு பொத்தானை அழுத்தினார், பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. அவர் பாசாங்கு செய்யவில்லை. எங்கள் மனுக்களிலெல்லாம் முதல் கையெழுத்துப் போட்ட அந்தக் கை, தன்னிடம் இருந்ததையெல்லாம் போட்டு அந்த ஒரு சொல்லை எழுதப் பார்த்தது. அறுபத்திரண்டு வயது மனிதர், நூறு பேருக்கு நடுவில், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு. அணில் சறுக்கியது. ஏழு. அடுத்த சொல். ஆறு. பக்கத்தில் நின்ற யாமினியின் உதடுகள் சரியான எழுத்துக்காக அசைந்தன, அவள் அவற்றைக் கையால் பொத்திக்கொண்டாள். ஐந்து. நான்கு. வியர்வை அவர் காதுக்குப் பின்னால் ஓடியது. மூன்று.

அடுத்து, மணல் என்றது குரல்.

தணிகாசலம் முப்பது வருடம் மணல் லாரியில் வேலை பார்த்தவர். குவாரி வாசலில் இருந்த பலகையின் கீழே முப்பது வருடம் காத்து நின்றவர். அவர் விரல் தயங்காமல் போனது. அணில் ஒரு கணு ஏறியது.

நான்கு என்று கத்தியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். மேலே மேகலா அலறினாள். தணிகாசலத்தின் முகத்தில் வந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம், பார்த்திருக்கக் கூடாது. மகளின் அலறல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்த முகம் திரையைப் பார்த்து மலர்ந்தது. உடனே அது தன்னைக் கண்டு பயந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார். 

"எந்திரி," என்றாள் கன்னியம்மா. "நான் குந்துறேன்."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று. அவளுக்குப் பின்னால் ஏழாவது வரைக்கும் படித்தவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கடைக்காரர். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, வரிசை மட்டும் நீண்டது. இரண்டு. ஒன்று. தரை. கதவு திறந்தது. ஸ்டூலோடு மேகலாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசியாக ஓடிய தணிகாசலம் பேனாக்களை எடுத்துக்கொள்ளவில்லை. ஆண் குழந்தை, ஆஸ்பத்திரி வாசலில் பிறந்தது என்று சாயங்காலம் போன் வந்தது.

ஆறு மணிக்கு வேனிலிருந்து இறங்கிய கம்சலா, படிப்பு மையத்து வாசல்வரை நீண்டிருந்த வரிசையைப் பார்த்துவிட்டு, தன் பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தாள். லிஃப்ட் தரையில் காலியாக இருந்தது. யாமினி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, உட்கார்ந்திருந்த கன்னியம்மாவின் தொடையில் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா நடக்குது இங்க?"

"ஒண்ணுமில்ல, படிக்கிறோம்," என்றாள் கன்னியம்மா, திரும்பிப் பார்க்காமல். "வெளிச்சத்த மறைக்காத."

அதன் பிறகு முறைப்பலகையில் இறங்குவதற்கு முப்பத்தோரு பெயர்கள் எழுதப்பட்டன. யாமினியின் பெயர் ஏறுகிறவர்களின் பக்கத்துக்குப் போனது. அந்த முப்பத்தோரு பேரும் உண்மையாக முயன்றார்கள், முயன்றால்தான் அணில் சறுக்கும் என்பதால். உண்மையாக முயன்றதால் ஒவ்வொரு பெயராக அழிந்துகொண்டு வந்தது. ஒரு சொல்லைச் சரியாக எழுதியவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு லிஃப்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். தணிகாசலம் தை மாதம்வரை தாக்குப்பிடித்தார். அவரால் கன்னியம்மாவை இறக்க முடியாமல்போன அன்று, அவள் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே ஏறி இறங்கியபடி அவரைத் திட்டியது அடுத்த பிளாக்குக்குக் கேட்டது. அவர் கீழே கைகட்டி நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டார், ஒரு பேனாதான் இருந்தது இப்போது பையில், மற்றதை யாமினிக்குக் கொடுத்திருந்தார்.

இன்று பலகையில் இறங்கும் பக்கம் நான்கு பெயர்கள் இருக்கின்றன. நான்கில் ஒருவருக்கு நேற்று இரண்டு சொல் சரியாக வந்துவிட்டது. என்றைக்கு என்று தெரியவில்லை, ஆனால் ஒருநாள் லிஃப்ட் எட்டாம் மாடியில் போய் நிற்கும், அதை இறக்க இந்தக் கட்டடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நாளுக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கட்டைக் காலி செய்கிறோம். பெட்டிகளிலும் டிரம்களிலும் எழுதியிருக்கும் பெயர்களை யாமினி வாசித்து, யாருடையது என்று சொல்கிறாள், அவரவர் வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு பீரோ மட்டும் நிற்கிறது. அதில் பெயர் இல்லை. அது யாருடையது என்று எங்களில் யாரும் சொல்லவில்லை.

கம்சலா லிஃப்டில் ஏறுவதில்லை. ஆறு மணிக்கு வேனிலிருந்து இறங்கி, பையிலிருந்து அன்றைக்குக் காலியான பாட்டில் ஒன்றை எடுத்து மகளிடம் கொடுப்பாள். யாமினி ஏறிக்கொண்டே வாசிப்பாள், ஒரு படிக்கு ஒரு எழுத்து, கை தொடையில் தட்ட. நேற்றும் அப்படித்தான் ஏறினார்கள். பீரோ வந்ததும் அந்தப் பெண் வாசிப்பதை நிறுத்தி, பாட்டிலை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, குறுக்காகத் திரும்பி, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, இடுக்கின் வழியே கையை நீட்டினாள்.

"பாட்டில மொதல்ல குடும்மா," என்றாள். "இது ஆசிட்டு. மூடி சரியா இல்ல. நீ மெதுவா வா."